கல்லான மட்டையும் கறுப்புப் புள்ளிகளும்

பக்கத்து வீட்டில் தரைக்கல் அறுக்கிறார்கள். வெறும் காற்றில் சுழலும்போது பிளேடு கீச்சிடுகிறது. கல்லைத் தொட்டதும் கீச்சு அடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர் குரலாகிறது. கல் விடுபடும் கணத்தில் மறுபடியும் கீச்சு. அந்த இரண்டாவது கீச்சுக்கு அரை நொடி முன்னால் கையை இளக்க வேண்டும். அறுக்கிறவர் இளக்கவில்லை. ஓரம் தெறித்தது எனக்கு இங்கே, அடுப்படியில், கடுகு வெடிக்கும் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யார் வீட்டுக் கல்லோ, யார் காசோ. ஆனாலும் கட்டைவிரல் கணு வலித்தது.

அவர்கள் அறுப்பது கிரானைட். அது பெரிதாக மணக்காது. நான் அறுத்தது வேறு கல், செடி கல்லாகிப் போனது. தீக்குச்சியை உரசி, பற்றுவதற்குள் அணைத்தால் எழுமே, அந்த மாதிரி ஒரு கருகல் அதிலிருந்து வரும். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தாலும் வரும். செடி கல்லான கதையில் நெருப்பு எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று முதல் வாரமே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் பாதி சரி, பாதி தப்பு. என் வேலையில் நான் நினைத்ததெல்லாமே பெரும்பாலும் அப்படித்தான் முடிந்தது.

போன வாரம் நாகஜோதி போன் பண்ணினாள். துறையில் என் இடத்துக்கு வந்திருக்கிற பெண்.

"அக்கா, இப்ப யாரும் கல்ல வெட்டுறதே இல்லக்கா. பஞ்சு சுத்திப் பெட்டியில வச்சு வெளியூருக்கு அனுப்புறாக. அங்கன ஸ்கேன்ல வச்சு, உள்ள இருக்கிறத வெட்டாமலே படமா எடுத்துர்றாக."

"நல்லதுதானே. கல்லு மிச்சம்."

"மிச்சந்தான். ஆனா ஒங்க ஸ்லைடெல்லாம் பீரோ நெறயக் கெடக்கு. பாக்க வாறவுக எப்பிடிச் செஞ்சாகன்னு கேட்டா நான் முழிக்கிறேன். எழுதிக் குடுங்கக்கா."

எழுத உட்கார்ந்தேன். செய்முறை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. போகட்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். பட்டப்படிப்பு முடித்த கையோடு சேர்ந்தேன். மணிக்கட்டும் கட்டைவிரலும் பழுதானதால், ஐம்பத்து மூன்று வயதில், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். என் வேலை இதுதான்: கல்லாகிப் போன செடியை, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது. முதல் இரண்டு வருடம் உடைத்தேன். மூன்றாம் வருடம் உடைப்பது குறைந்தது. பயிற்சிக் காலம் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் மண்ணில் அந்த மாதிரிக் கல் கிடையாது. இங்கே மலையெல்லாம் எந்தச் செடியும் முளைப்பதற்கு முன்னால் வெந்து இறுகியவை. ஐசக் சார்தான் வெளியிலிருந்து கொண்டுவருவார். துறைத் தலைவர் அவர். எல்லைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். பேசுவது தமிழ், யோசிப்பது மலையாளம். விடுமுறை வந்தால் மற்றவர்கள் வேளாங்கண்ணி, திருப்பதி என்று கிளம்புவார்கள். இவர் ரயில் ஏறி மத்திய இந்தியாவுக்குப் போவார். எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்து, அதன்மேல் ஏரி தேங்கி, ஏரியின்மேல் மறுபடி குழம்பு பாய்ந்த இடங்கள் அங்கே உண்டு. அந்த இரண்டு குழம்புக்கும் நடுவில் அகப்பட்ட ஏரிச் சேறுதான் அவருடைய கோயில். சாக்கில் கட்டிக் கல் கொண்டுவருவார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் அவர் இறங்கும்போது கண்டக்டர், "சாமி, இந்த வாட்டியும் பாறாங்கல்லுதானா? எங்க ஊர்ல இல்லாததா?" என்பார்.

சாரின் நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு கல்லின் ஆறு பக்கத்தையும் பென்சிலால் வரைவார். ஆறும் வரைந்து முடிக்காமல் என்னை அறுக்க விடமாட்டார். காரணம் எளிது. பிளேடின் கனம் எவ்வளவோ அவ்வளவு கல் சேறாகிப் போகும். ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு துண்டு செடி, ஒருவரும் பார்க்காமலே வாளியில் இறங்கிவிடும். "நீ வெட்டுன்னதும் அது போச்சு. படமாவது நிக்கட்டும்" என்பார். பாராட்டியதே கிடையாது. எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து ஒரே கேள்வி: "எங்ஙனெ அறியாம்?" எப்படித் தெரியும் என்பதுதான். "சார், மணி அஞ்சாச்சு" என்றாலும் அதே கேள்வி வரும் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஒருமுறை அவர் கொண்டுவந்த சாக்கில், உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறக் கல் ஒன்று. ஓரத்தை அறுத்தேன். ஈரம் காயுமுன், உருவைப் பெரிதாக்கும் கைவில்லையால் பார்த்தேன். சதுரம் சதுரமாக அறைகள். சுவர் மெலிந்த, வரிசை கலையாத, காற்றுக்கென்றே விட்ட அறைகள்.

என் பிறந்த ஊர் ஜெயமங்கலம். வாழைக்கு நடுவில் வளர்ந்தவள். மட்டையைக் குறுக்கே அறுத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் அந்த அறைகளில் எறும்பை விட்டு, எந்த வாசல் வழியாக வெளியே வருகிறது என்று பந்தயம் கட்டியிருக்கிறோம்.

"சார், இது வாழ மட்டை."

"எங்ஙனெ அறியாம்?"

"எங்க அப்பாகிட்டக் கேளுங்க. அவுகளும் அதத்தான் சொல்லுவாக."

சார் சிரிக்கவில்லை. வில்லையை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் 'வாழை' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 'போன்ற' என்று சேர்த்தார். இன்றைய வாழைக்கு அது பாட்டனா, பங்காளியா, சும்மா ஜாடை ஒத்த அயலானா என்று தெரியாத வரைக்கும் அந்த 'போன்ற' நகராது என்றார்.

எனக்கு அன்று ராத்திரியெல்லாம் வேறு ஒரு குடைச்சல். மரம் கல்லாவதை ஒப்புக்கொள்ளலாம். மரம் கெட்டியானது, நின்று நிதானமாக மக்கும். வாழை அப்படியா? குலை வெட்டிய மரத்தைச் சாய்த்து வரப்பில் போட்டால் மூன்றாம் நாள் சளசளவென்று ஆகிவிடும், ஒரு வாரத்தில் கால் வைத்தால் வழுக்கும். மனிதன் என்று ஒருவன் இல்லாத காலத்து வாழை மட்டை, அதன் தோலினும் மெல்லிய சுவரெல்லாம் கலையாமல், எப்படி என் மேஜைக்கு வந்தது?

சார் சொன்ன பதில் இது. எரிமலைச் சாம்பலும் குழம்பும் கரைந்த தண்ணீரில் மணல்சத்து, அதாவது சிலிக்கா, ஏராளமாக இருக்கும். செடி அந்தத் தண்ணீரில் விழுந்ததும் இரண்டு பேர் அதைப் பிடிக்க ஓடிவருகிறார்கள். ஒருவர் அழுகல், மற்றவர் சிலிக்கா. பெரும்பாலும் அழுகல்தான் முந்தும். எங்கேயோ ஓரிடத்தில், ஏதோ ஒரு ஏரி ஓரத்தில், சிலிக்கா முந்திவிட்டது. சுவரில் ஏறி, அறைக்குள் இறங்கி, உள்ளே இருந்ததை அப்படியே அணைத்துக்கொண்டு கெட்டியானது. "எத்தனை நாள் சார்? மூணு நாளா, மூணு மாசமா?" என்று கேட்டேன். "அது எனக்கு அறியில்லா" என்றார். தெரியாது என்று சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும்.

நானே பார்த்துவிடலாம் என்று ஆய்வகத்தில் இருந்த சோடியம் சிலிக்கேட்டைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன். பிசுபிசுவென்று தேன் மாதிரி இருக்கும். நாலு ஜாம் பாட்டிலில் வெவ்வேறு அளவு தண்ணீர் கலந்து, வாழை மட்டைத் துண்டுகளைப் போட்டு, ஜன்னலில் வரிசையாக வைத்தேன். ஐந்தாவது பாட்டிலில் வெறும் தண்ணீரும் மட்டையும். என் வீட்டுக்காரர் கம்பத்தில் வாழை இலை மொத்த வியாபாரம். ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார்.

"ஏத்தா, இது என்ன ஊறுகா?"

"கல்லாகுதான்னு பாக்குறேன்."

"கல்லாகுமா! இங்கன எனக்கு எல வாடாம மருதக்கிப் போய்ச் சேந்தாப் போதும்னு கெடக்கு. நீ கல்லாக்கிக் குடு, பரலோகம் வரைக்கும் அனுப்புவேன்."

கல்லாகவில்லை. மேலாக ஒரு வெள்ளைப் பக்கு மட்டும் படிந்தது. ஆனால் ஐந்தாவது பாட்டில் ஒன்றைக் காட்டியது. அழுகுகிற மட்டையில் ஒரு சீவலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, செல்லுக்குள் இருந்த உயிர்ச்சாறெல்லாம் சுருண்டு, ஒரு பழுப்பு உருண்டையாக மூலையில் ஒதுங்கியிருந்தது. அறைக்கு ஓர் உருண்டை. சாரிடம் காட்டினேன். வரைந்துகொண்டார். கழுவி வைத்த பாட்டில்களை வீட்டுக்காரர் இலைக்கடைக்குக் கொண்டுபோய் நூல்கண்டு போட்டு வைத்தார்.

இனிமேல் ஈஸ்வரன் கதை.

ஐசக் சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் ஈஸ்வரன். தேவதானப்பட்டிக்காரர். முப்பத்தாறு வயது, மனைவி அங்கன்வாடியில் வேலை, ஒரு பெண் குழந்தை. உதவித்தொகை நின்று ஒரு வருடமாகியிருந்தது. மாமனார் வீட்டில் நல்லநாள் பெரியநாளுக்குப் போனால், "மாப்ள இன்னும் கல்லத்தான் பாக்குறாகளா?" என்று கேட்பார்களாம். அவர் எடுத்துக்கொண்டது அந்த வாழை போன்ற கல்லைத்தான். ஒரே கல். அதே இடத்துக்குச் சார் மறுபடி இரண்டு தடவை போனார். அந்தக் குழியை மூடிச் சாலை போட்டுவிட்டார்கள். ஆகவே இருந்தது அவ்வளவுதான்.

வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி ஒவ்வொரு சீவலாக அறுத்துக்கொண்டே வந்தேன். கடைசி நான்கு ஸ்லைடுகளில்தான் நடுப்பகுதி வந்தது. சாறு ஓடும் மெல்லிய குழாய்கள், அவற்றைச் சுற்றி மென்மையான செல்கள். அந்தச் செல்களின் நடுவில், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி.

உட்கரு. செல்லின் கரு. உயிரோடு இருக்கும் செல்லில்கூடச் சாயம் ஏற்றினால்தான் எடுப்பாகத் தெரிவது. ஆறு கோடி ஆண்டுக்கும் மேலான கல்லில் அது நின்றால் சின்ன விஷயமா?

ஈஸ்வரன் அன்று எனக்கு டீக்கடையிலிருந்து நாலு உளுந்தவடை வாங்கிவந்தார். "அக்கா, ஒங்க கை பொன்னு" என்றார். புள்ளிகளை எண்ணினார், அளந்தார். ஆய்வேட்டின் தலைப்பிலேயே உட்கருவைச் சேர்த்தார். பெரிய கருத்தரங்கு ஒன்றில் விளக்கப்படம் வைக்க இடம் கிடைத்தது. சார், "இன்னும் நோக்கணும்" என்று இழுத்தபடியேதான் இருந்தார். ஆனால் மறுக்கவில்லை. அவருக்கும் ஆசை இருந்ததோ என்னவோ.

விளக்கப்படம் அச்சாகி வந்த நாள். ஆள் உயரத் தாள். நூறு புள்ளிகளுக்கு மேல் அதில் பெரிதாகத் தெரிந்தன. எல்லோரும் நின்று பார்த்தோம். எல்லோரும் போன பிறகும் நான் நின்றேன். அழகாக இருந்தது. அழகுதான் உறுத்தியது. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரித் தெளிவு.

இதை விளக்கிவிடுகிறேன். நான் தேய்க்கும் சீவல் தலைமுடியைவிட மெலிசுதான். ஆனாலும் அதற்கும் மேல், நடு, அடி உண்டு. நுண்ணோக்கி ஒரு சமயத்தில் ஒரு தளத்தைத்தான் தெளிவாகக் காட்டும். செல்லுக்குள் மிதந்த கரு என்றால் ஒன்று மேலே நிற்கும், ஒன்று அடியில் நிற்கும். சில தெளிவாக, சில மங்கலாகத் தெரிய வேண்டும். இங்கே நூறும் தெளிவு. பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி, யாரோ சொல்லி ஒரே தரையில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

யார் நிற்க வைத்தது?

கல்லைத் தேய்ப்பது இப்படி. கண்ணாடித் தட்டில் கார்போரண்டம் பொடி, தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். கறுப்புப் பொடி. முதலில் கரடு, பிறகு நடுத்தரம், பிறகு நைசு, கடைசியில் மை மாதிரி. கல்லை அதன்மேல் வைத்து எட்டுப் போட வேண்டும். லைசென்ஸ் வாங்கப் போகிறவர் வண்டியில் போடுகிற அதே எட்டுதான். ஒரு முகம் வழவழப்பானதும் அந்த முகத்தைப் பிசினால் கண்ணாடித் துண்டில் ஒட்டி, சூட்டுத் தட்டில் இறுக்கி, எதிர் முகத்தைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். சார் நாளிதழின் டெண்டர் விளம்பரத்தின்மேல் ஸ்லைடை வைத்துப் பார்ப்பார். பொடி எழுத்தைக் கல் வழியாக வாசிக்க முடிந்தால் போதும். ஒரு எட்டு கூடினால் கல்லே இல்லை, வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். இதில் மாற்ற முடியாத விதி ஒன்று. ஒரு பொடியிலிருந்து அடுத்த பொடிக்குப் போகும்போது கல், தட்டு, கை, நகக்கண் எல்லாவற்றையும் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும்.

அந்த நாலு ஸ்லைடையும் செய்த வாரத்தில் கல்லூரி மோட்டார் காயில் கருகிக் கிடந்தது. குழாயில் சொட்டு இல்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் கரை முட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாளி மொண்டு வந்து, தெளிய விட்டு, ஒரு பேசினில் ஊற்றி, எல்லாக் கழுவலையும் அதிலேயே முடித்தேன். ஈஸ்வரன் அவசரப்பட்டார் என்று சொல்லலாம். அவர் அவசரப்படத்தான் செய்தார். ஆனால் கழுவியது நான். பேசின் அடியில் கறுப்பாகப் படிந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, மேலாகத்தானே முக்குகிறோம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சிலிக்கா ஒரு செல்லைச் சுவரிலிருந்து உள்நோக்கி நிரப்பிக்கொண்டு வரும். சில செல்லில் நடுவரை வந்து சேராது. நட்டநடுவில் ஊசிமுனைக் குழி ஒன்று நிற்கும். உட்கரு இருக்கலாம் என்று மனசு எதிர்பார்க்கிற அதே இடம். அந்தக் குழியில் ஒரு கறுப்புத் துகள் போய் உட்கார்ந்து, அந்த முகத்தையே நான் பிசின் வைத்து ஒட்டிவிட்டால்? பிரித்துக் கழுவவும் வழியில்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடக் கைக்கு வந்த சோதனை ஒரு பக்கம். அந்த ஆளின் ஐந்து வருடம், அங்கன்வாடிச் சம்பளத்தில் ஓடும் வீடு இன்னொரு பக்கம். சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. கல்லே தீர்ந்துவிட்டது, யார் மறுபடி வெட்டிப் பார்ப்பது? இதையும் எழுதத்தான் வேண்டும்: எனக்கு அதைவிடப் பெரிதாக அரித்தது ஆவல். நூறில் எத்தனை பொடி? ஒன்றாவது நிஜமாக இருக்குமா?

மூன்றாம் நாள் சார் அறைக்குப் போனேன். ஈஸ்வரன் உட்கார்ந்திருந்தார், படத்தைக் குழாயாகச் சுருட்டிக்கொண்டு.

"சார், அந்தப் புள்ளியெல்லாம் செடியோடது இல்லையோன்னு இருக்கு. நான் தேய்ச்ச பொடியா இருக்கும்."

சார் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மேஜையில் கல்லே இல்லை, ஆனாலும் கழற்றினார்.

"எங்ஙனெ அறியாம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார், வாளி, பேசின், குழி. ஈஸ்வரன் சுருட்டிய தாளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அக்கா, படம் அச்சாயிருச்சு."

"தெரியும் தம்பி."

"தலைப்பு பதிவாயிருச்சு. புதன்கிழமை ரயிலு. இப்ப வந்து வாளி, பேசினுன்னா? அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"அன்னைக்குத் தோணல."

"இன்னைக்கு மட்டும் எப்பிடித் தோணுச்சு? ஒங்களுக்கு நெசமாத் தெரியுமா, பொடிதான்னு?"

"தெரியாது. அதான் சொல்றேன்."

சார் எழுந்து பீரோவைத் திறந்தார். உள்ளே ஒரு தீப்பெட்டி, அதற்குள் பஞ்சில் அந்தக் கல்லின் கடைசிச் சில்லு. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்தான். என்றைக்காவது யாராவது புதிதாக ஒரு வழி கண்டுபிடித்து வருவார்கள் என்று எங்களிடம் சொல்லாமல் எடுத்து வைத்தது. அதைத் தேய்த்தால் பிறகு அந்தச் செடி கல்லாக உலகத்தில் எங்குமில்லை. ஸ்லைடில் மட்டும் இருக்கும்.

"வெள்ளைப் பொடி," என்றார் சார். "கறுப்பு தொடாம. புதிய தட்டு, புதிய வாளி, எல்லாம் புதியது. தேச்ச பின்னும் கறுப்பு நின்னா அது செடியோடது. நிக்கலைன்னா நம்ம." 'அவளோடது' என்று சொல்லவில்லை. 'நம்ம' என்றார். பிறகு ஈஸ்வரனிடம், "கல்லு உன் ஆய்வு. நீ சொல்லு. தேய்க்கட்டா?"

ஈஸ்வரன் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"தேய்ங்க" என்றார். எழுந்து போய்விட்டார். புதன்கிழமை ரயிலை அவரே ரத்து செய்தார் என்று பிறகு தெரிந்தது.

தேனியில் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் கடைக்காரரிடம் வெள்ளை அலுமினாப் பொடி வாங்கினேன். "எத்தன கண்ணாடிம்மா தேய்க்கப் போறீக?" என்றார். "ஒண்ணு" என்றேன். நைசுப் பொடி மட்டும்தான் இருந்தது. கரடில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை பதினோரு நாள் இழுத்தது. ஆய்வகத்தில் கறுப்புப் பொடியே பறந்திருக்கும் என்று பயந்து, மாடியில் காலியாகக் கிடந்த வகுப்பறையில் உட்கார்ந்தேன். மோட்டார் அதற்குள் சரியாகியிருந்தது. ஒவ்வொரு நூறு எட்டுக்கும் குழாயைத் திறந்து கழுவினேன். பால் மாதிரித் தண்ணீர் ஓடும். கணு வீங்கி, இரவில் வீட்டுக்காரர் வேப்பெண்ணெய் காய்ச்சிப் போட்டுவிட்டார். "கல்லு ஒன்னயத் தேய்க்குதா, நீ கல்லத் தேய்க்கிறியா?" என்று கேட்டார்.

ஈஸ்வரன் தினமும் வந்தார். வாசலில் நிற்பார். பேச மாட்டார். தட்டைப் பார்ப்பார், என் நகத்தைப் பார்ப்பார், போய்விடுவார். ஆறாம் நாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து பார்த்தால், அவரே உட்கார்ந்து எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அழுத்தாமல், சரியான வேகத்தில். மாற்றி மாற்றித் தேய்த்தோம். வார்த்தை மட்டும் இல்லை.

பதினோராம் நாள் டெண்டர் விளம்பரம் தெரிந்தது. சார், ஈஸ்வரன், நான் மூவரும் நுண்ணோக்கி முன்னால் நின்றோம். சார் முதலில் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கச் சொன்னார். அந்த மரியாதையை அன்று நான் விரும்பவில்லை.

மெல்லிய குழாய்கள், மென்மையான செல்கள், சுவர்கள் எல்லாம் அப்படியே. நடுவில், கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை. சர்க்கரைத் துகள் மாதிரி, ஒவ்வொரு குழியிலும் அலுமினா. வரிசை வரிசையாக, ஒரே தரையில் நின்று பளிச்சிட்டது.

"பொடிதான் சார்" என்றேன்.

ஈஸ்வரன் கண்ணை வைத்தார். நெடுநேரம் கண்ணை விலக்கவில்லை. ஸ்லைடை இடமாக நகர்த்தினார், வலமாக நகர்த்தினார். பிறகு, அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"அக்கா, இங்கன பாருங்க."

ஓர் ஓரத்தில், குழியே இல்லாமல் முழுதாகக் கல் நிரம்பிய செல்கள் கொஞ்சம். அவற்றில் பழுப்பு நிறத்தில் உருண்டைகள். கறுப்பு இல்லை, வெள்ளையும் இல்லை. நடுவிலும் இல்லை, சுவரோரம் ஒதுங்கி நின்றன. நான் தெளிவு கூட்டும் குமிழைத் திருகினேன். ஒன்று மேலே, ஒன்று அதற்கும் கீழே, ஒன்று அடியில். ஒவ்வொன்றும் தன் தளத்தில் வந்து, தெளிந்து, மறைந்தது. ஏழு.

ஏழையும் சார் பார்த்தார். ஈஸ்வரன், "சார், இது உட்கருதானே?" என்றார். சார் தன் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். என் ஐந்தாவது பாட்டிலின் படம். அழுகின வாழை மட்டையில், சுருண்டு மூலையில் ஒதுங்கிய சாறு. பழுப்பு, உருண்டை, சுவரோரம்.

"கருவாயிருக்கும். இல்லெங்கில் இதாயிருக்கும்," என்றார். "வெட்டிப் பார்க்கக் கல்லில்லா."

ஆய்வேட்டில் அது 'செல்லுக்குள் பழுப்பு உருண்டைகள், ஏழு, தன்மை உறுதி செய்யப்படவில்லை' என்று அரை வரியாகப் போயிற்று. தலைப்பு மாறியது. கறுப்புப் பொடியும் வெள்ளைப் பொடியும் காட்டிய வித்தியாசத்தை ஈஸ்வரன் தனி அத்தியாயமாகவே எழுதினார். என் பேசினும் அதில் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. சுவரும் குழாயும் காற்றறையும் அவ்வளவு மென்மையாக நின்றதே பட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் பெரிய கருத்தரங்குக்கு யாரும் மறுபடி கூப்பிடவில்லை. மாமனார் வீட்டில் என்ன சொன்னார்களோ.

மறு வருடம் எல்லை தாண்டி ஒரு கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் குமுளி வண்டி ஏற வந்தார். மனைவியும் மகளும் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஜன்னலோரம் நின்றேன். சார் வரவில்லை. பரீட்சை வேலை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? எழுத மாட்டேன், யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"கேளுங்க."

"அந்த ஏழும் என்னன்னு ஒங்களுக்குத் தோணுது?"

"கருன்னுதான் தோணுது."

"எனக்கும்."

"அதான் பயமா இருக்கு தம்பி. மொதல்ல நூறும் கருன்னுதானே தோணுச்சு."

அவர் சிரித்தார். அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. வாசலைத் தாண்டி லோயர் கேம்ப் சாலையில் திரும்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"வேற கல்லு கெடச்சா ஒங்களுக்குத்தான்க்கா அனுப்புவேன். கொழாத் தண்ணியில கழுவுங்க!"